வந்து போகிறவர்களின் ஊரில் ஒரு நாய்க்கு வீடு

நாய்க் காப்பகத்துக்குத் தத்தெடுக்க வருகிறவர்கள் வழக்கமாக நான்கு கேள்விகள் கேட்பார்கள். என்ன ஜாதி, எத்தனை மாசம், கடிக்குமா, வீட்டைக் காக்குமா. நான்கும் நாயைப் பற்றியவை. இவற்றுக்கு ஊழியர் திருப்தியாகப் பதில் சொல்லிவிட முடியும். நாட்டு நாய், வயது மூன்று, கருத்தடை ஆயிற்று, தடுப்பூசி போட்டாயிற்று, யாரிடமும் நன்றாகப் பழகும் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டும் இருப்பார்கள். ஆனால் அந்த நாயின் மிச்ச வாழ்நாள் எப்படிக் கழியும் என்பதை முடிவு செய்யப்போகும் கேள்வி இந்த நான்கில் இல்லை. அது வந்தவரைப் பற்றியது: அடுத்த பத்து ஆண்டுகள் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? ஓசூரில் இதற்கு உறுதியாகப் பதில் சொல்லக்கூடியவர்கள் குறைவு. அதனாலேயே இந்த ஊரை முன்னால் வைத்துக்கொண்டு யோசிக்கலாம் என்று தோன்றுகிறது. நட்பாகப் பழகும் ஒரு நாய்க்கு வீடு கிடைக்கவில்லை என்றால் மனிதர்களுக்கு அன்பு வற்றிவிட்டது என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்பு வேண்டிய மட்டும் இருக்கிறது. கூடவே இருப்பதற்குத்தான் ஆள் இல்லை.

அன்பு இருந்ததற்கு அந்த நாயே சாட்சி. மனிதரோடு பழகும் குணம் நாய்க்குப் பிறவியிலேயே முழுசாக வந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்துக் கவனித்து 1965இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். குட்டி பிறந்த மூன்றாவது வாரத்தில் தொடங்கி ஏறக்குறைய மூன்றாவது மாதம் முடியும்வரை ஒரு சன்னல் திறந்திருக்கிறது, அந்தக் காலத்தில் மனிதக் கை பட்ட குட்டிதான் வாழ்நாள் முழுக்க மனிதரை நம்பும் என்பது அவர்கள் வந்துசேர்ந்த முடிவு. அதே ஆய்வகத்தில் 14 வாரங்கள் மனிதத் தொடர்பே இல்லாமல் வேலிக்குள் வளர்ந்த குட்டிகள், பிறகு எவ்வளவு முயன்றும் காட்டு விலங்குகளைப் போலவே விலகி ஓடின. ஆகவே, முன்பின் தெரியாத ஒருவர் கதவைத் திறந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து முழங்காலில் சாய்ந்து நிற்கிற மூன்று வயது நாய் தன் பழைய கதையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. குட்டியாக இருந்தபோது அதை யாரோ மடியில் தூக்கி வைத்திருந்தார்கள். உற்றுப் பார்த்தால் மற்ற தடயங்களும் தெரியும். கழுத்தைச் சுற்றி முடி தேய்ந்து மெலிந்த ஒரு வளையம் இருந்தால் பட்டை கட்டியிருந்த இடம் அது. உணவுத் தட்டைக் கையில் எடுத்தவுடன் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டால் யாரோ பொறுமையாகப் பழக்கியிருக்கிறார்கள். இந்த எல்லைப் பகுதியில் இன்னொரு சோதனையும் உண்டு. ‘வா’ என்றால் திரும்பாத நாய், கன்னடத்தில் ‘பா’ என்றாலோ தெலுங்கில் ‘ரா’ என்றாலோ இந்தியில் ‘ஆவ்’ என்றாலோ காதை நிமிர்த்தக்கூடும். எந்த மொழி பேசிய வீட்டிலிருந்து அது வெளியேறியது என்பது அப்போது தெரிந்துவிடும்.

எல்லா நட்பான நாயும் வீட்டிலிருந்து கைவிடப்பட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. நம் தெருநாய்களில் பல எந்த வீட்டுக்குள்ளும் நுழையாமலே மனிதரோடு பழகியவை. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆய்வு செய்துவருகிறது. 2017இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை வெகுவாக யோசிக்க வைத்தது. அறிமுகமில்லாத மனிதர் ஒருவர் சில நாய்களுக்குத் திரும்பத் திரும்ப உணவு கொடுத்தார், வேறு சில நாய்களைத் திரும்பத் திரும்பத் தலையில் தடவிக் கொடுத்தார். சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது உணவு வாங்கிய நாய்களைவிடத் தடவல் வாங்கிய நாய்களே அந்த மனிதரை அதிகம் நம்பின. குப்பையில் பசியாற்றிக்கொள்ளும் ஒரு பிராணிக்கு உணவைவிடக் கை பெரிதாகப் படுகிறது. பிஸ்கட் போடுவதோடு நம் கடமை முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் இந்த முடிவின் முன்னால் கொஞ்சம் நிற்க வேண்டும். நாம் எளிதாகக் கொடுத்துவிட்டுப் போவது உணவு. நாய் எதிர்பார்ப்பது மறுநாளும் அதே ஆள் வருவதை.

மறுநாளும் அதே ஆள் வருவது என்பதுதான் ஓசூரில் அரிது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததிலிருந்து அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அண்மை ஆண்டுகளில் போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூருக்கு அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ். தருமபுரி, திருவண்ணாமலை, சேலத்திலிருந்து வந்தவர்களோடு ஜார்கண்ட், ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெங்களூரு வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே குடியிருந்துகொண்டு அத்திப்பள்ளி வழியாகத் தினமும் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வரும் குடும்பங்கள் வேறு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலை எத்தனை மாதம் என்று தெரியாது. வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதம். அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு இரண்டு பீரோவும் ஒரு கட்டிலும் டெம்போவில் ஏறிவிட்டால் ஒரு குடும்பம் அந்தத் தெருவிலிருந்து மறைந்துவிடுகிறது. ஆலை வாசல் ஒன்றை அருகில் போய்ப் பார்க்கலாம். காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்தில், செக்யூரிட்டி அறையின் நிழலில் ஒரு நாய் படுத்திருக்கும். காது நுனி வெட்டியிருந்தால் கருத்தடை ஆனது என்று அடையாளம். பஸ்ஸிலிருந்து ஐம்பது பேர் இறங்கினாலும் அது எழுந்து போவது ஒருவரிடம்தான். அவருக்கு ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போன வாரத்திலும் அதே நேரத்துக்கு எழுந்து வந்து, படியில் இறங்கும் ஒவ்வொரு காலணியையும் மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த மனிதர் கல்நெஞ்சர் இல்லை. தினமும் தன் டிபனில் பாதியைக் கொடுத்தவர் அவர். போகும்போது அந்த நாயை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்க அவருக்கு ஓர் இடம் இல்லாமல் இருந்தது. சட்டம் இந்த இடத்தில் மிகவும் பலவீனமாக இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி வளர்ப்புப் பிராணியைப் பசியில் வாடும்படி கைவிடுவது குற்றம். முதல் முறை செய்தால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அறுபது ஆண்டுகளுக்கு முன் நிர்ணயித்த அந்தத் தொகைக்கு இன்று ஓசூரில் ஒரு வேளைச் சாப்பாடுகூட வராது.

இதெல்லாம் முன்பும் இருந்ததுதானே, இப்போது என்ன புதிது என்று கேட்கலாம். 2025இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுகள் கணக்கை மாற்றிவிட்டன. ஆகஸ்ட் 11 அன்று இரு நீதிபதிகள் அமர்வு தில்லிப் பகுதித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் ஆன நாய்களை, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னது. பிறகு நவம்பர் 7 அன்று, பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களிலுள்ள நாய்களைப் பிடித்துக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும், அவற்றைப் பழைய இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று உத்தரவிட்டது. இந்த உத்தரவின் நோக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. மருத்துவமனைப் படுக்கைக்கு அடியில் நாய் படுத்திருக்கக்கூடாது. பள்ளி மைதானத்தில் குழந்தை கடிபடக்கூடாது. ஆனால் அதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஓசூர்ப் பேருந்து நிலையத்திலும் கல்லூரி வளாகத்திலும் ஆண்டுக்கணக்கில் பிழைத்திருக்கிற நாய் எப்படிப்பட்டதாக இருக்கும்? ஆயிரம் கால்களுக்கு நடுவில் யாரையும் சீண்டாமல் படுத்துறங்கத் தெரிந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சீறுகிற நாயை அங்கே கடைக்காரர்கள் என்றோ விரட்டியிருப்பார்கள். மனிதரோடு மிகவும் ஒத்துப்போகிற நாய்களே முதலில் காப்பகத்துக்குள் போகப்போகின்றன. திரும்ப விடக்கூடாது என்று ஆனபின் அவை அங்கிருந்து வெளியே வர இருக்கும் ஒரே வழி, யாராவது ஒருவர் வந்து தத்தெடுப்பது.

காப்பகம் வீடாகாது. எவ்வளவு நல்ல காப்பகமானாலும் அது ஒரு வழித்தங்கல்தான். சென்னையில் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் ஆனாலும், கிரிஸ்டல் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தம் முதுமையில் 1991இல் பெங்களூரில் தொடங்கிய ‘கூபா’ ஆனாலும், அடிபட்டதைத் தேற்றி, நோயுற்றதைக் குணமாக்கி, வீடு தேடி அனுப்புவதே அவர்கள் செய்துவரும் வேலை. அனுப்பினால்தான் அடுத்த நாயை உள்ளே எடுக்க முடியும். நல்ல உடல்நிலையோடு பத்து ஆண்டு வாழும் ஒரு நாய் ஒரு கூண்டை நிரப்பிக்கொண்டு இருந்தால், சாலையில் அடிபட்டுக் கிடக்கும் எத்தனையோ நாய்களுக்கு அந்த இடம் இல்லை என்றாகிறது. ஒரு நாயைத் தத்தெடுத்து உலகம் மாறிவிடுமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இந்தக் கணக்குதான். வெளியே போகிற ஒரு நாய் தன் பின்னால் ஒரு கதவைத் திறந்துவிட்டுப் போகிறது. கூண்டுக்குள் காலம் நீள நீள நாயும் மாறிவிடுகிறது. சிலது ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். சிலது முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். ஆள் வந்தால் ஓடிவந்த நாய், பிறகு பின் சுவரை ஒட்டிப் படுத்தபடி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளும். அந்த நிலையில் அதைப் பார்க்க வருகிறவர் என்ன முடிவு செய்வார்? புளோரிடாவில் பிரொடொபொபொவாவும் வின்னும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, தத்தெடுக்க வந்தவர்கள் ஒரு நாயோடு செலவிட்ட நேரம் சராசரியாக 8 நிமிடம். அவர்கள் முடிவைப் பாதித்த நாயின் செயல்கள் இரண்டே: விளையாடக் கூப்பிட்டால் வருகிறதா, பக்கத்தில் வந்து படுக்கிறதா. பத்து ஆண்டு உறவை எட்டு நிமிடம் தீர்மானிக்கிறது. நட்பான நாய்க்கு நட்பே இருக்கும் ஒரே சிபாரிசு. கூண்டு அதையும் நாளுக்கு நாள் தேய்த்துவிடுகிறது.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, மனிதர்களே பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேராகப் படுத்து எழும் ஊரில் நாய்க்கு வீடு தேடுவது ஆடம்பரம் என்பது. இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். கேட்பவர்களில் பலர் அந்த அறைகளை நேரில் அறிந்தவர்கள். தொழிலாளிக்கு நல்ல விடுதியும் நிலையான வேலையும் கிடைப்பது முதல் கடமை என்பதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி போடுவதாக எனக்குத் தெரியவில்லை. நாய்க்குத் தட்டு வைப்பதால் எந்தத் தொழிலாளியின் தட்டும் குறைந்துவிடவில்லை. இன்னும் சொன்னால், ஆலை வாசல் நாய்களுக்குச் சோறு போடுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பத்துக்குப் பத்து அறைக்காரர்கள்தான். மொழி தெரியாத ஊரில் வந்து இறங்கிய இருபது வயதுப் பெண்ணுக்கு, எந்த மொழியும் கேட்காமல் தன் பக்கத்தில் வந்து உட்காருகிற ஒரு ஜீவன் எவ்வளவு பெரிய துணை என்பதை, வசதியான வரவேற்பறையிலிருந்து யாரும் அளந்துவிட முடியாது. அவர்களுக்கு நிலையாக இருக்க இடம் கொடுக்காத அதே ஏற்பாடுதான் அவர்கள் நேசித்த நாயையும் அனாதையாக்குகிறது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகிற துன்பங்கள்.

இரண்டாவது மறுப்பு பயம். இதை ‘நாய்ப்பிரியர்கள்’ பலர் அலட்சியமாகக் கடந்துபோவது தவறு. தமிழ்நாட்டில் 2024இல் மட்டும் ஏறக்குறைய 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. வெறிநாய்க்கடி நோயால் 43 பேர் இறந்தார்கள். அறிகுறி தோன்றிவிட்டால் அந்த நோய்க்கு மருந்து இல்லை. உலக அளவில் அதற்குப் பலியாகிறவர்களில் பத்தில் நான்கு பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். இந்த எண்களைச் சொல்லாமல் நாயன்பைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. கடிபட்டால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கீறல்தானே என்று விட்டுவிடாமல், மஞ்சள், சுண்ணாம்பு வைக்காமல், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று சொல்கிற ஊசிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடக்கூடாது. ஷிப்டுக்கு லீவு கிடைக்காததால் இரண்டாவது ஊசியோடு நிறுத்திக்கொள்ளும் தொழிலாளிகளைப் பற்றி இந்த ஊரின் மேலாளர்கள் யோசிக்க வேண்டும். அந்த ஒரு மணி நேர அனுமதி ஓர் உயிரைக் காக்கும். ஆனால் இந்தப் பயம் தத்தெடுப்புக்கு எதிரான வாதமா? எனக்கு நேர்மாறாகப் படுகிறது. ஆண்டுதோறும் தடுப்பூசி போட்ட, கருத்தடை ஆன, இரவில் வாசலுக்குள் படுக்கிற நாய், ஆபத்தின் பக்கத்திலிருந்து பாதுகாப்பின் பக்கத்துக்கு வந்துவிட்ட நாய். கொன்று குறைக்கும் வழியை நம் மாநிலம் நெடுங்காலம் முயன்று பார்த்தது. சென்னை மாநகராட்சி பிடித்துக் கொன்றுகொண்டே இருந்தது, நாய்கள் குறையவில்லை. கடைசியில் 1996இல் கருத்தடை முறைக்கு மாறியது. ஒரு பகுதியில் பத்துக்கு ஏழு நாய்க்காவது கருத்தடை ஆனால்தான் பலன் தெரியும் என்பார்கள். ஜூஜூவாடி சோதனைச் சாவடிக்கு இந்தப்புறம் ஓசூர் மாநகராட்சி, அந்தப்புறம் கர்நாடக உள்ளாட்சிகள். இரண்டும் சேர்ந்து செய்யாவிட்டால் ஒருபுறம் செய்த வேலை மறுபுறத்துக் குட்டிகளால் வீணாகும். நாய்க்கு மாநில எல்லை தெரியாது.

தெருவில் சுதந்திரமாகத் திரிகிற நாயை நான்கு சுவருக்குள் கட்டிப்போடுவது அதற்குச் செய்யும் அநீதி என்பாரும் உண்டு. கிராமத்து நாய்க்கு இது ஓரளவு பொருந்தலாம். கேலமங்கலம் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் காவலுக்கு இருக்கும் நாய்க்குத் தோட்டமே வீடு. ஆனால் தேசிய நெடுஞ்சாலை 44இன் ஓரத்தில் எந்தச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறோம்? மேலே சொன்ன அதே கொல்கத்தாக் குழு 364 தெருக் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தது. இனப்பெருக்க வயதுவரை பிழைத்தவை 19 விழுக்காடு மட்டுமே. இறந்தவற்றில் பெரும்பாலானவற்றின் சாவுக்கு மனிதர்களே ஏதோ ஒருவகையில் காரணம். வண்டி, விஷம், அடி. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காட்டோர ஊர்களில் சிறுத்தையும் சேர்ந்துகொள்கிறது. ஐந்தில் நான்கு குட்டி சாகும் ஒரு வாழ்க்கைக்குச் சுதந்திரம் என்று பெயர் வைப்பது நம் மன நிம்மதிக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

ஜாதி நாய் பற்றிய ஆசைக்கு அதிக இடம் கொடுக்க விரும்பவில்லை. பெங்களூருக் குளிரை நம்பி வாங்கிய ஹஸ்கி கிருஷ்ணகிரி வெயிலில் மூச்சிரைப்பதைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். நாட்டு நாய்க்கு நம் வெயில் பழக்கம், நம் சோறு பழக்கம். பிரதமரே 2020 ஆகஸ்டில் வானொலியில் பேசியபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லி நாட்டினங்களை வளர்க்கச் சொன்னார். பெயரில்லாத தெருநாயும் அந்த மண்ணின் பிள்ளைதான்.

மிகவும் கனமான மறுப்பு வாடகைக்காரருடையது. ‘எனக்கே நிலையில்லை, நான் எப்படி ஓர் உயிருக்குப் பத்து ஆண்டு வாக்குக் கொடுப்பது?’ இதைச் சொல்கிறவர் பொறுப்புள்ளவர். யோசிக்காமல் எடுத்துப் பின்னால் விட்டுவிட்டுப் போகிறவரைவிட இவர் எவ்வளவோ மேல். குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை முடிவாலும் வளர்ப்புப் பிராணிகளைத் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் தனி வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் அந்தத் தாளைக் காட்டி அவரோடு ஒரே சுவரில் குடியிருக்க முடியாது. ஆகவே சட்டத்தை நம்பி அல்ல, வேறுவிதமாகத்தான் இவருக்குப் பதில் சொல்ல வேண்டும். நிலைத்திருப்பது என்றால் ஒரே ஆள் ஒரே வீட்டில் கடைசிவரை இருப்பது என்று நாமாக வைத்துக்கொண்ட பொருளைக் கொஞ்சம் தளர்த்தலாம். அமெரிக்காவில் 5 காப்பகங்களின் 207 நாய்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, காப்பக நாய்களை ஓரிரு இரவு மட்டும் வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தது. அந்த இரவுகளில் நாய்களின் உடலில் மன அழுத்தத்தைக் காட்டும் சுரப்பு குறைந்தது. திரும்பிக் காப்பகத்துக்கு வந்தபோது பழைய அளவுக்குப் போனதே தவிர, அதற்குமேல் ஏறவில்லை. கொஞ்ச நாள் கொண்டுபோய்த் திருப்பி விட்டால் ஏமாந்துபோகும் என்று நாம் பயப்படுகிற அளவுக்குக் கேடு அங்கே காணப்படவில்லை. வார விடுமுறையில் ஒரு நாயை வீட்டுக்கு அழைத்துப்போய் வைத்துக்கொள்ளவும், மூன்று மாதம் தற்காலிகமாக வளர்த்துத் தரவும், நாளை எங்கே என்று தெரியாத தொழிலாளியாலும் முடியும். அந்த மூன்று மாதத்தில் கூண்டில் தொலைத்த நட்பை நாய் மீட்டுக்கொள்ளும். எட்டு நிமிடத்தில் தேர்ந்தெடுக்கப்படும் நிலைக்கு மறுபடி வரும்.

இந்த மண்ணின் பழைய மனிதர்கள் இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். ஊத்தங்கரையைத் தாண்டிப் போனால் வரும் செங்கம் வட்டாரத்தில், எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனின் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன், அது இரண்டு கள்வரைக் கடித்தது என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். எல்லைக்கு அந்தப்புறம் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. 949இல் நம் அரக்கோணத்துக்குப் பக்கத்துத் தக்கோலத்தில் நடந்த போருக்குப் பிறகு, மணலேரன் என்ற கங்க நாட்டு வீரன் தனக்குப் பரிசாகக் கேட்டு வாங்கியது காளி என்ற நாயை. அது ஒரு பெரும் காட்டுப்பன்றியோடு பொருதி, இரண்டும் செத்தன. கோயிலுக்கு எதிரில் அந்த நாய்க்குக் கல் நட்டார்கள். இதில் என்னை ஈர்ப்பது கல்லைவிட அதற்குப் பின்னால் செய்த ஏற்பாடு. கல்லுக்கு வழிபாடு நடக்க நிலம் விட்டார்கள். அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர் வழிபாடு செய்யாமல் உண்டால் அவருக்குப் பாவம் சேரும் என்று எழுதியும் வைத்தார்கள். தான் நிரந்தரமாக இருக்கப்போவதில்லை என்று போர்வீரனுக்குத் தெரியும். அதனால் தன் அன்பைத் தன் ஆயுளோடு முடிச்சுப் போடாமல், நிலத்தோடும் இன்னொரு மனிதனின் கடமையோடும் சேர்த்து முடிச்சுப் போட்டான். செத்த நாய்க்கே அவ்வளவு செய்தார்கள் என்றால், உயிரோடு இருக்கிற நாய்க்கு அதில் கொஞ்சமாவது நம்மால் முடியும்.

ஆட்கள் மாறினாலும் மாறாமல் இருக்கும் ஒன்று ஓசூரில் உண்டு: ஆலை. தொழிலாளி பதினொரு மாதத்தில் போவார், மேலாளர் மூன்று ஆண்டில் மாற்றலாவார், ஆலை நாற்பது ஆண்டாக அதே இடத்தில் நிற்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்கள் தங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணிகளின் பட்டியலில் விலங்கு நலமும் இருக்கிறது. பள்ளிக்கு மேசை நாற்காலியும் ஊருக்குக் குடிநீர்த் தொட்டியும் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தப் பணத்தின் ஒரு சிறு பங்கில் இந்த எல்லைப் பகுதிக்கு ஒரு நல்ல காப்பகமும் கருத்தடை மையமும் நடத்த முடியும். மத்திகிரிக் கால்நடைப் பண்ணை இருநூறு ஆண்டுகளாக இருக்கிற ஊர் இது. கால்நடை மருத்துவம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தன் வாசலில் ஆண்டுக்கணக்கில் படுத்திருக்கும் நாய்க்குத் தடுப்பூசிப் புத்தகம் ஒன்றும், பொறுப்பாளர் என்று ஒரு பெயரும், அவர் மாற்றலானால் அடுத்த பெயரும் எழுதி வைக்க எந்த ஆலைக்கும் வாரியக் கூட்டம் தேவையில்லை.

தனி மனிதர் செய்ய வேண்டியதும் ஏறக்குறைய அதுவே. எந்த நாய்க்கும் புது வீட்டில் முதல் சில நாட்கள் பயத்தில் போகும், வீட்டு ஒழுங்கு பிடிபட மூன்று வாரமும், இது என் வீடு என்ற நம்பிக்கை வர மூன்று மாதமும் ஆகலாம் என்று காப்பகக்காரர்கள் சொல்வார்கள். அதற்குள் அவசரப்பட்டு முடிவு செய்யக்கூடாது. அதன் பிறகும் ஒத்துவராவிட்டால், தெருவில் இறக்கிவிடாமல் காப்பகத்துக்கே திருப்பிக் கொண்டுவருவதில் எந்த அவமானமும் இல்லை. காப்பகங்களும் அப்படி வருகிறவரைத் திட்டி அனுப்பக்கூடாது. திட்டுக்குப் பயந்தவர் அடுத்த முறை நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்துவார். தத்துப் படிவத்தில் இப்போது பெயர், முகவரி, ஆதார், வீட்டு உரிமையாளர் சம்மதம் எல்லாம் கேட்கிறார்கள். அதோடு இன்னும் ஒரு வரி சேர்த்தால் போதும்: நீங்கள் ஊர் மாறினால் இந்த நாய் யாரிடம் இருக்கும்? கீழே அந்த இரண்டாவது ஆளின் கையெழுத்து. பக்கத்து அறை நண்பரோ, தருமபுரியில் இருக்கும் அண்ணனோ, தெருமுனைக் கடைக்காரரோ யாராகவும் இருக்கலாம். அந்த இடத்தை நிரப்ப ஒருவரைத் தேடிக் கேட்கும்போதுதான், நாம் இந்த ஊரில் யாரையெல்லாம் சம்பாதித்து வைத்திருக்கிறோம் என்பதும் தெரியவரும். அந்த ஆள் கிடைக்காதவர் இன்னும் ஆறு மாதம் பொறுக்கலாம். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நாயை நடத்திக் கூட்டிப்போகலாம்.